ஸ்டார்லெட்டுக்கு எந்த டர்போ? யாழ்ப்பாண றோட்டை வைத்து ஒரு மதிப்பீடு

1.3 லீற்றர் எஞ்சினுக்கு 330 குதிரைவலு தாங்கும் டர்போ பூட்டுவது, தோட்டத்து வோட்டர் பம்முக்கு ஆறு அங்குலக் குழாய் மாட்டுவது மாதிரி. குழாய் பெரிசுதான். வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேரப் பொழுது பட்டுவிடும். ஆனாலும் டர்போ ஸ்டார்லெட் வைத்திருக்கிற பெடியள் முதலில் கேட்பது "எவ்வளவு பெரிசு போடலாம்?" என்றுதான். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓடும்போது பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் நெருக்கும் காற்றின் அழுத்தம்) வர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வைத்தே ஐந்து டர்போக்களை இங்கே எடை போட்டிருக்கிறோம்: கொம்பனியே பூட்டிவிட்ட சிடி9, மிட்சுபிஷியின் டிடி04 13டி, கரெட்டின் ஜிடி2554ஆர், ஜிடி2560ஆர், கடைசியாக இணையத்தில் மலிவாக வரும் பெயரில்லாத டி3/டி4 நகல்.

எஞ்சின் டொயோட்டாவின் 4ஈ-எஃப்டிஈ. 1989 கடைசியில் வந்த ஸ்டார்லெட் ஈபி82 ஜிடி டர்போவிலும் 1996இல் வந்த ஸ்டார்லெட் கிளான்சா வியிலும் இருப்பது இதுதான். சாதாரண ஈபி82க்குள் ஹாஃப் கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்) எடுத்து இறக்கப்பட்டவையும் எங்கள் பக்கம் ஓடுகின்றன. 1,331 சிசி. கொம்பனிக் கணக்கில் 6,400 சுற்றில் 135 குதிரைவலு, 4,800 சுற்றில் 157 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. ஈபி82 ஏறத்தாழ 850 கிலோதான். முன்சக்கர இழுவை என்பதையும் மறக்கக்கூடாது, மாரி காலத்தில் அது தன்னை ஞாபகப்படுத்தும்.

முதலில் றோட்டு

குடாநாட்டில் மலை இல்லை, பெரிய வளைவு இல்லை, சந்திதான் நிறைய. காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என்று போனால் நாலாம் கியரில் நிம்மதியாக நிற்க இடமே கிடைக்காது. சைக்கிள், ஓட்டோ, புகையிரதக் கடவை, ஒழுங்கைக்குள்ளிருந்து திடீரென்று எட்டிப் பார்க்கும் லாண்ட்மாஸ்டர். நேரான நீளத் துண்டு என்றால் சாவகச்சேரி தாண்டிக் கொடிகாமம், பளை, ஆனையிறவு வரையான ஏ9. அங்கேயும் வேக எல்லை 70 கிலோமீற்றர்தான்.

ஆகவே டர்போவுக்கு உண்மையில் வேலை வருவது ஒரே இடத்தில்: 40இல் போகும் லொறியையோ பஸ்ஸையோ முந்தி 70க்கு வருவது. கியர் விகிதமும் ரயர் அளவும் கொஞ்சம் மாறலாம். என்றாலும் மூன்றாம் கியரில் 60 கிலோமீற்றர் என்பது இந்தக் காரில் ஏறத்தாழ 2,700 முதல் 3,000 சுற்று. இரண்டாம் கியருக்கு இறக்கினால் அதே வேகம் 4,000 சுற்றை ஒட்டி நிற்கும். 70ஐ மூன்றில் தொட்டாலும் 3,300 சுற்றைப் பெரிதாகத் தாண்டாது. 4,500 சுற்றில் கண் திறக்கும் டர்போ பூட்டிய கார், பகல் முழுக்க டர்போ இல்லாத காராகத்தான் ஓடும். அமுக்க விகிதம் 8.2க்கு 1 என்று குறைந்திருக்கிற ஈபி82 எஞ்சின் என்றால், பூஸ்ட் இல்லாதபோது அது சாதாரண 1.3ஐ விடவும் சோம்பல்.

காற்றுக் கணக்கு

குதிரைவலு என்பது எஞ்சின் விழுங்கும் காற்றின் எடை. அதைக் கடதாசியில் போட்டுப் பார்க்காமல் டர்போ வாங்கக்கூடாது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை நிரப்புகிறது. 6,500 சுற்றில் நிமிடத்துக்கு 3,250 தடவை, 1.331 லீற்றரால் பெருக்கினால் 4,326 லீற்றர். முழுக்க நிரம்பாது, 88 வீதம் என்று வைத்துக்கொண்டால் 3.8 கனமீற்றர். இது மனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) இருக்கும் நெருக்கிய காற்று. பூஸ்ட் 0.8 பார், நெருக்கிய காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 50 பாகை என்றால் ஒரு கனமீற்றர் 1.96 கிலோ நிறுக்கும். ஆக நிமிடத்துக்கு 7.4 கிலோ. கரெட்டின் கம்பிரசர் மாப்பில் (டர்போவின் காற்றை நெருக்கும் சக்கரம் எவ்வளவு தரும் என்று காட்டும் வரைபடம்) போட்டிருக்கும் அளவில் 16.4 இறாத்தல். பெற்றோல் எஞ்சினில் ஒரு இறாத்தலுக்கு 9.5 முதல் 10 குதிரைவலு என்பது கைக்கணக்கு. 155 முதல் 165 வரை வருகிறது.

இதே கணக்கில், காற்றின் சூட்டை மட்டும் 55 பாகை என்று வைத்து, 1.2 பாருக்குப் போனால் 19.7 இறாத்தல், 190 குதிரைவலு அளவு. 1.5 பாரில் 22.4 இறாத்தல், 215 அளவு. அதற்கு மேல் இந்த எஞ்சினின் பிஸ்டனும் ஹெட் கஸ்கெட்டும் பேச்சுக்கு வரும்; பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு நொக்கிங்குக்கு (சூட்டில் பெற்றோல் தானாக வெடிப்பது) முதலில் உடையும் இடம். அசல் பிஸ்டனோடு 200ஐத் தாண்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அப்படியென்றால் தேவை 20 இறாத்தல் தரும் டர்போ. 35 இறாத்தல் தருவதை வாங்கி மீதி 15ஐ என்ன செய்வது?

அடுத்த எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 3,000 சுற்றில், 0.5 பார் பூஸ்டில் இந்த எஞ்சின் விழுங்குவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.9 கிலோ, 6.3 இறாத்தல்தான். கம்பிரசர் மாப்பின் இடது ஓரத்தில் ஒரு சரிவுக் கோடு இருக்கும், அதுதான் சேர்ஜ் கோடு. எஞ்சினின் புள்ளி அதற்கு இடப்பக்கம் விழுந்தால் காற்று முன்னே போகாமல் திரும்பி அடிக்கும். படபடவென்று சத்தம் கேட்கும், தண்டை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் பெயரிங் அடி வாங்கும். பெரிய கம்பிரசருக்கு அந்தக் கோடே வலப்பக்கம் தள்ளியிருக்கும். அதனால் பெரிய டர்போ கீழ்ச்சுற்றில் பிந்தி வருவது மட்டுமல்ல, இழுத்துப்பிடித்து முன்னுக்கு வரவைத்தாலும் சேர்ஜில் விழும் ஆபத்து உண்டு.

மாப்பில் புள்ளி போடும்போது அழுத்த விகிதத்தைச் சரியாக எடுங்கள். 0.8 பார் என்றால் 1.8 அல்ல. இன்டர்கூலரிலும் பைப்பிலும் 0.08 பார் போகும், ஃபில்டர் பக்கம் 0.03 பார் உறிஞ்சும், 1.93 வரும்.

சிடி9

திட்டு வாங்கும் டர்போ, ஆனால் ஊர் றோட்டுக்கு இதைவிட ஒத்துப்போவது இல்லை. 2,800 முதல் 3,000 சுற்றுக்குள் முழு பூஸ்ட் வந்துவிடும். மேலே சொன்ன லொறி முந்தும் இடத்தில் மூன்றாம் கியரிலேயே இழுக்கும், கியர் இறக்கத் தேவையில்லை. கொம்பனி வைத்த பூஸ்ட் நிலைகளில் கூடியதான ஹை நிலை ஏறத்தாழ 0.65 பார். நல்ல சைலன்சர் வழியும் ஒழுங்கான இன்டர்கூலரும் இருந்தால் 0.8 பார் வரை நிம்மதியாகத் தரும்.

அதற்கு மேல் தள்ளும்போதுதான் கோளாறு. சின்னக் கம்பிரசர் தன் திறமையான இடத்தைத் தாண்டிப்போய்க் காற்றைச் சூடாக்கத் தொடங்கும். எங்கள் ஊரில் ஃபில்டருக்குள் நுழையும் காற்றே 35 பாகை என்று வையுங்கள், காண்டாவன நாட்களில் பொனட்டுக்குள் இன்னும் கூட. 0.8 பாரில் 70 வீதத் திறனோடு வேலை செய்தால் வெளியே வருவது 126 பாகை. 1.2 பாரில் திறன் 60 வீதத்துக்கு விழுந்தால் 175 பாகை. அந்த இடத்தில் 72 வீதத் திறன் உள்ள டர்போ 152 பாகைதான் தரும். இந்த 23 பாகை வித்தியாசம் நொக்கிங்காகத் திரும்பி வரும். எக்சோஸ்ட் பக்கமும் புகையால் சுழலும் சின்ன டர்பைன் அடைத்துக்கொண்டு பின்அழுத்தம் ஏறும். பூஸ்ட் மீற்றர் 1.2 காட்டும், ஆள் சந்தோசப்படுவார், கார் வேகமாகாது. 6,000 சுற்றுக்கு மேல் முள் தானாகவே கீழே விழுந்தால் டர்போ முடிந்துவிட்டது என்று அர்த்தம்; பூஸ்ட் கன்ரோலரைத் திருகி அதைத் தூக்க முயற்சிக்க வேண்டாம்.

இன்னொரு பொறி. இந்த எஞ்சினின் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), மனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் மாப் சென்சரைப் பார்த்துத்தான் பெற்றோல் அளக்கிறது. (மேலே சொன்ன கம்பிரசர் மாப் வேறு.) பூஸ்ட் கூடினால் பெற்றோலை வெட்டும். அந்த வெட்டைத் தவிர்க்க மாப் சென்சர் வயரில் ஏமாற்றுப் பெட்டி போடுவது, காற்று கூடுகிறது என்று ஈசியுவுக்குத் தெரியாமல் மறைப்பதற்குச் சமம். காற்று கூடும், பெற்றோல் கூடாது. பிஸ்டன் உருகிய எஞ்சினைத் திறந்தால் பல தடவை இந்தப் பெட்டி பக்கத்திலேயே தொங்கும்.

தீர்ப்பு: 160 குதிரைவலு போதும் என்றால் டர்போவுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தக் காசைச் சைலன்சருக்கும் இன்டர்கூலருக்கும் போடுங்கள். கொம்பனி இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. கார் ஓடும்போது பொனட் வாய் வழியாகக் காற்று வரும். கடவையில் ரெயினுக்காக ஐந்து நிமிடம் நின்றால் எஞ்சின் சூட்டில் அதுவே அடுப்பாகிவிடும். முன்பம்பருக்குப் பின்னால் போடும் இன்டர்கூலர் இந்த ஊருக்குத் தேவையான ஒன்று. பைப் நீளத்தால் பூஸ்ட் பிந்துகிறது என்ற பயம் மிகை. இரண்டு அங்குலப் பைப்பில், தேவையில்லாத வளைவு இல்லாமல் எடுத்தால் காலில் தெரியாது.

டிடி04 13டி

160 குதிரைவலுவைத் தாண்ட வேண்டும் என்றால் எங்கள் தெரிவு இதுதான். சுபாரு இம்ப்ரெஸாவின் சில மொடல்களில் டிடி04எல்-13டி என்று வந்தது. வொல்வோ கார்களில் இதே குடும்பத்தின் பெரிய உருப்படிகள் உண்டு. 20 இறாத்தல் காற்றை இது மூச்சு வாங்காமல் தரும். 1.3 லீற்றர் எஞ்சினில் முழு பூஸ்ட் 3,300 முதல் 3,600 சுற்றுக்குள் கிடைக்கும். சிடி9ஐ விட ஐந்நூறு சுற்றுப் பிந்துகிறதுதான். ஆனால் 2,500இலேயே 0.2, 0.3 பார் எட்டிப் பார்க்கத் தொடங்குவதால் மூன்றாம் கியர் முழுக்கச் செத்துப்போகாது.

இங்கே அளவு என்பது கம்பிரசர் மட்டுமல்ல. டர்பைன் ஹவுசிங்கின் வாய் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மிட்சுபிஷி அதைச் சதுர சென்ரிமீற்றரில் சொல்கிறது, பெரும்பாலும் ஹவுசிங்கிலேயே 5, 6, 7 என்று வார்த்திருக்கும். 1.3க்கு 5 எடுத்தால் 3,200ஐ ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், 6,500க்கு மேல் கொஞ்சம் அடைக்கும். 6 நடுவானது. 7ஐ இரண்டு லீற்றர்காரருக்கு விட்டுவிடுங்கள். 15, 16, 19 என்று கம்பிரசர் எண் ஏறினால் உருப்படி பெரிது; எச்எல் என்ற எழுத்து வந்தால் டர்பைன் சக்கரமும் பெரிது. "எல்லாம் டிடி04தான்" என்று கடையில் சொன்னால் தகட்டில் குத்தியிருப்பதை வாசித்துப் பாருங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை. பஜிரோவிலும் டெலிகாவிலும் வரும் 4டி56 டீசல் எஞ்சினிலும் டிடி04தான் இருக்கிறது. ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதும் அதுதான். அதைப் பெற்றோல் எஞ்சினில் பூட்ட வேண்டாம். டீசல் புகை 750, 800 பாகை. பெற்றோல் எஞ்சின் முழு பூஸ்டில் 900ஐத் தாண்டும். டீசல் ஹவுசிங்கின் உலோகம் அந்தச் சூட்டுக்கு வார்த்ததல்ல, வேஸ்ட்கேட் (மிச்சப் புகையை டர்பைனுக்குள் போகாமல் விலக்கிவிடும் மூடி) ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். பல டீசல் உருப்படிகளில் தண்ணீர் ஓடும் வழியும் இல்லை. காரை நிறுத்தியவுடன் பெயரிங்குக்குள் நிற்கும் ஒயில் கரியாகும்.

பூட்டும் வேலை சும்மா இல்லை. சிடி9இன் பிளேஞ்சும் (மனிஃபோல்டோடு பூட்டும் முகம்) டிடி04இன் பிளேஞ்சும் வேறு. 12 மில்லிமீற்றர் தகட்டில் அடப்டர் வெட்டுவது மலிவு வழி, ஆனால் டர்போ கீழிறங்கி ஒயில் திரும்பும் குழாயின் சரிவைக் கெடுக்கும். எக்சோஸ்ட் மனிஃபோல்டைப் புதிதாக ஒட்டுவது நல்லது. கனமான சுவருள்ள பைப் எடுங்கள், சைலன்சருக்கு வாங்கும் மெல்லிய குழாய் இரண்டே மாதத்தில் வெல்டுக்குப் பக்கத்தில் பிளக்கும். டர்போவின் பாரம் மனிஃபோல்டில் தொங்காமல் எஞ்சின் புளொக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுக்க வேண்டும். பிளேஞ்சை ஒட்டியபிறகு ஒருமுறை லேத்தில் முகம் தட்டையாக்குங்கள். வெல்ட் சூட்டில் அது கட்டாயம் வளைந்திருக்கும்.

வேஸ்ட்கேட்டும் தலையிடி தரும். டர்போவிலிருந்து இறங்கும் இரண்டரை அங்குல டவுன்பைப் போட்டு வழி திறந்துவிட்டால், உள்ளே இருக்கும் சின்ன வேஸ்ட்கேட் ஓட்டையால் புகையை வெளியேற்றி முடியாது. 0.8க்கு வைத்த பூஸ்ட் 5,500 சுற்றில் 1.0, 1.1 என்று தானாக ஏறும். வேஸ்ட்கேட்டைத் திறக்கும் அக்சுவேற்றரை மாற்றுவதால் தீராது. ஓட்டையைத் தேய்த்து அகலமாக்கி, மூடி நன்றாகப் படிகிறதா என்று பார்க்க வேண்டும். மூடியின் விளிம்பில் எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு மில்லிமீற்றர் மிஞ்சியிருக்கட்டும்.

ஜிடி2554ஆர், ஜிடி2560ஆர்

2554 ஒரு அழகான டர்போ. கரெட் தரும் கணக்கு 170 முதல் 270 குதிரைவலு, 1.4 முதல் 2.2 லீற்றர் எஞ்சின். எங்கள் 1.3 அதன் வாசலுக்குக் கொஞ்சம் வெளியேதான் நிற்கிறது. தண்டு குண்டுகளில் சுழலும் போல் பெயரிங் என்பதால் கால் எடுத்து மீண்டும் அமுக்கும்போது உடனே எழும்பும், கியர் மாற்றும் இடைவெளியில் பூஸ்ட் செத்துப்போகாது. இந்தக் குணம் டிடி04இல் இல்லை. முழு பூஸ்டுக்கு 3,800, 4,000 சுற்று வேண்டும். 7,000 வரை சுற்ற விரும்பும் ஆள், பலமான ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்ட எஞ்சின் என்றால் இதைப் பார்க்கலாம். வேலைக்குப் போகும் காருக்கு வேண்டாம். விலையும் அதற்கு ஒத்துழைக்காது.

2560இன் கணக்கு 200 முதல் 330, 1.6 முதல் 2.5 லீற்றர். 1.3இல் 4,500 சுற்று வரை உறக்கம். பிறகு ஒரே அடியாக வரும், அதுவும் முன்சக்கரங்களுக்கு. காய்ந்த றோட்டில் ஸ்டியரிங் கையை இழுக்கும். கார்த்திகை மழையில் பண்ணைப் பாலத்தில் இரண்டாம் கியரில் இது வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் கடல், மறுபக்கமும் கடல். நிசான் சில்வியாவுக்கு நல்ல சாமான். ஸ்டார்லெட்டுக்கு இல்லை.

இரண்டுக்கும் பொதுவான ஒரு விடயம்: போல் பெயரிங் டர்போவுக்கு ஒயில் கூடினாலும் தீங்கு. ஒயில் வரும் வாயில் ஒரு மில்லிமீற்றர் அளவு ஓட்டையுள்ள கட்டுப்பாட்டுத் துண்டு போட வேண்டும். டிடி04 போன்ற சாதாரண பெயரிங் டர்போவுக்கு அதே துண்டைப் போட்டால் ஒயில் பட்டினியில் தண்டு பிடிக்கும். இரண்டையும் மாற்றிச் செய்து டர்போவைக் குறை சொல்பவர்கள் உண்டு.

நகல் டி3/டி4

படத்தில் பளபளப்பு, விலை மலிவு, பெட்டியில் பெயரில்லை. 1.3க்கு இதன் கம்பிரசரும் பெரிது, டர்பைனும் பெரிது, சக்கரத்தின் பாரமும் கூட. 5,000 சுற்றுக்கு முன் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சக்கரத்தின் சமநிலை உருப்படிக்கு உருப்படி மாறும். தண்ணீர் வழி இருப்பதாகப் படம் காட்டும், வந்த பெட்டியில் இருக்காது. இதைப் பற்றி மேலும் எழுதுவது மினக்கேடு.

பெற்றோலும் ஈசியுவும்

எந்த டர்போ என்றாலும் 95 ஒக்டேன் அடியுங்கள். 92இல் 0.65 பாருக்கு மேல் போவதானால் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் டர்போ மாற்றியதன் பாதிப் பலன் போய்விடும். முழு பூஸ்டில் காற்றும் பெற்றோலும் 11.5 முதல் 12க்கு 1 என்ற எடை விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீற்றர் இல்லாமல் இதை மூக்கால் மணந்து சொல்லும் ஆளை நம்ப வேண்டாம்.

இன்ஜெக்டர் கணக்கு இப்படி: 160 குதிரைவலுவுக்கு ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 295 முதல் 300 சிசி தர வேண்டும், 190க்கு 350, 215க்கு 400. திறந்திருக்கும் நேரத்தை 85 வீதத்தோடு நிறுத்திய கணக்கு இது. டிடி04க்கு 360 அல்லது 380 சிசி போதும். 550 சிசியைக் கொண்டுவந்து மாட்டினால் ஐட்லிங்கில் நனைக்கும். புகைப் பரிசோதனையில் விழுந்து, வருட லைசன்ஸ் எடுக்கப்போன நாள் வீணாகும். சிடி9ஐத் தாண்டும் எவருக்கும் பெற்றோல், டைமிங் அட்டவணையை மாற்றக்கூடிய ஈசியு கட்டாயம். பிளக்கை ஒரு படி குளிராக எடுங்கள் (என்ஜிகே என்றால் 6க்குப் பதில் 7), இடைவெளி 0.7 மில்லிமீற்றர்.

கடையில் பார்ப்பது

ஸ்டான்லி வீதிக் கடைகளிலோ கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ ரீகண்டிஷன் டர்போ எடுக்கும்போது ரோர்ச் லைட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தண்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள்: கையில் தெரியும் அசைவு இருந்தால் திரஸ்ட் போய்விட்டது, வேண்டாம். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், சாதாரண பெயரிங் டர்போவில் ஒயில் இல்லாதபோது அது இயல்பு. ஆனால் சக்கரம் சுவரில் உரசக்கூடாது. கம்பிரசர் இதழ் நுனியில் சொட்டை இருந்தால் ஏதோ உள்ளே போயிருக்கிறது. ஃபில்டர் இல்லாமல் வலிகாமத்துச் செம்மண் புழுதியில் ஓடிய உருப்படி என்றால் இதழ் விளிம்பு மணல் தேய்த்த மாதிரி மெலிந்திருக்கும்.

டர்பைன் பக்கம் வேஸ்ட்கேட் ஓட்டைக்கும் சக்கர வாய்க்கும் இடைப்பட்ட பாலத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மயிரளவு வெடிப்பு பல பழைய உருப்படிகளில் இருக்கும், அதனோடு ஓடும். நகம் நுழையும் வெடிப்பு என்றால் விடுங்கள். தண்ணீர் வழிக்குள் விரல் விட்டுத் துருவைப் பாருங்கள். கூலன்ட் இல்லாமல் கிணற்றுத் தண்ணி ஊற்றி ஓட்டிய காரிலிருந்து வந்தது என்றால் சுண்ணாம்பு படிந்து பாதி அடைத்திருக்கும்.

"புதுக் கிட் போட்டது" என்று சொன்னால், கிட் போட்டபின் சமநிலை பார்த்தார்களா என்று கேளுங்கள். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் தண்டு அது. பெயரிங்கும் சீலும் மாற்றி, சமநிலை இயந்திரத்தில் ஏற்றாமல் கொடுத்தால் சைரன் மாதிரி ஊளையிடும், சில ஆயிரம் கிலோமீற்றரில் மறுபடி கையில் வரும்.

டர்போ வாங்குவதற்கு முன் எஞ்சினின் கொம்பிரஷன் பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் ஒரு பாருக்கு மேல் இருந்தால் காசு முதலில் எஞ்சினுக்குத்தான் போக வேண்டும்.

பூட்டும் நாள்

ஒயில் திரும்பும் குழாயின் உள்விட்டம் 15 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்க வேண்டும், சம்பில் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். ஒயில் இணைப்புகளில் சிலிக்கோனோ தெஃப்லான் ரேப்போ போடாதீர்கள். பிய்ந்த துண்டு போய் உட்காருவது ஒயில் வாயில்தான். புது டர்போ நீலப் புகை விட்டால் உடனே சீல் போய்விட்டது என்று கழற்ற வேண்டாம். எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைத்துச் சம்புக்குள் அழுத்தம் ஏறினாலும், திரும்பும் குழாய் நெளிந்திருந்தாலும் அதே புகை வரும். பலர் நல்ல டர்போவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததிலும் அதே புகையைப் பார்ப்பது இதனால்தான்.

முதலில் இன்ஜெக்ஷன் பியூஸைக் கழற்றி, ஒயில் லைட் அணையும் வரை பத்துப் பதினைந்து செக்கன் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஒழுக்குப் பாருங்கள். 10டபிள்யூ-40 ஒயில் போதும், 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றம். ஓடிவந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐட்லிங், ஏ9இல் இழுத்து வந்திருந்தால் இரண்டு.

டியூனிங் முடிந்து காரை எடுக்கும்போது உச்சக் குதிரைவலு எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூன்றாம் கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுக்கால் அமுக்கி 6,500 வரை எடுத்த பதிவைக் கேளுங்கள்: எந்தச் சுற்றில் 0.5 பார், எந்தச் சுற்றில் முழு பூஸ்ட், 6,000இல் எவ்வளவு மிச்சம், அந்த நேரம் காற்று-பெற்றோல் விகிதம் என்ன, உள்ளே போகும் காற்றின் சூடு என்ன. டிடி04 பூட்டிய காரில் 0.5 பார் 3,000 சுற்றுக்குள் வரவில்லை என்றால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது, இல்லாவிட்டால் 7 அளவு ஹவுசிங்கைத் தந்துவிட்டார்கள். கராஜை விட்டு வெளியேறும் முன் சோப்புத் தண்ணி அடித்துப் பைப் மூட்டுகளைப் பாருங்கள்; அநேகமாக இன்டர்கூலர் வாயில் இருக்கும் கிளிப்தான்.